பழங்குடி வார்டு ஏன் காலியாகக் கிடக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் ‘எஸ்.டி. வார்டுக்கு ஒருவரும் மனு போடவில்லை’ என்று எங்காவது மூன்று வரிச் செய்தி வரும். அந்த மக்களுக்கு ஆர்வமில்லை போலும் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆர்வத்தைக் குறை சொல்லும் முன் சாதிச் சான்றிதழ் கிடைக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்று தருகிறார். பழங்குடியினருக்கோ 1989 நவம்பர் 11 முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படியேறி அவரிடம் போய்ச் சேரும். ‘அப்பாவுக்கோ ரத்த உறவுக்கோ சான்று இருக்கிறதா?’ என்ற கேள்வியில் பல மனுக்கள் நின்றுவிடும். ஏரிக்கரையில் குடியிருந்து செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போகிற இருளர் குடும்பத்தில் முந்தைய தலைமுறைக்கு ஏது சான்று? இன்று பள்ளிக்காகப் பிள்ளைகளுக்காவது வாங்குகிறார்கள். மனு போடக்கூடிய 21 வயது தாண்டியவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

2019 தேர்தலில் மனு போட டிசம்பர் 9 முதல் 16 வரைதான் நேரம். 17-ஆம் தேதி பரிசீலனை. அந்த ஒரு வாரத்தில் கோட்டாட்சியர் சான்று வாங்குவது நடக்கிற காரியமா? வார்டு உறுப்பினருக்கான டெபாசிட் பழங்குடியினருக்கு 100 ரூபாய்தான். அதைப் புரட்டிவிடலாம்.

பெண்களுக்கான எஸ்.டி. வார்டில் இன்னொரு முடிச்சு உண்டு. சாதி பிறப்பால் வருவது என்பதால் கணவர் வீட்டுச் சான்று செல்லாது. தந்தை வழியில்தான் வாங்க வேண்டும். அந்தப் பெண் வேறு மாவட்டத்தில் பிறந்தவரென்றால் விசாரணை அந்த ஊருக்கே போகும். ஆகவே எந்த வார்டு எவருக்கு என்ற அரசிதழ் வெளியானதுமே, தேர்தல் தேதிக்குக் காத்திராமல், அந்த ஊராட்சிகளில் மட்டுமாவது கோட்டாட்சியர் முகாம் போட்டுச் சான்று வழங்க வேண்டும். அப்படியே வேட்பாளரின் பெயர் அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். சூளைக்குப் போன இடத்தில் பெயர் ஏறியிருந்தால் மனு தள்ளுபடிதான்.

அடுத்தது கணக்கு. ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள்தொகை விகிதப்படி வார்டுகளை ஒதுக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 243டி பிரிவு. 3,000 பேரும் 9 வார்டுகளும் உள்ள ஊராட்சியில் 120 பழங்குடியினர் இருந்தால் விகிதம் 4 சதவீதம். வார்டுக் கணக்கில் 0.36. ஒன்றாகாது. தமிழகத்தில் 2011 கணக்கெடுப்புப்படி பழங்குடியினர் 7,94,697 பேர், 1.1 சதவீதம். மலைகளை விட்டுவிட்டால் அவர்கள் சிதறித்தான் வாழ்கிறார்கள். அந்த 2011 கணக்கில் நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடிகளாகச் சேரவில்லை. 2023-இல்தான் பட்டியலுக்குள் வந்தார்கள். பழைய எண்ணை வைத்து ஒதுக்கினால் அவர்கள் இருக்கும் ஊரிலும் அவர்களுக்கான வார்டு வராது. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். புதிய கணக்கு வரும்வரை ஒரு வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டம் திருத்தினார்களே, அதே ஏற்பாட்டை வார்டே கிடைக்காத பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் செய்யலாம். நியமனம் தேர்தலுக்கு ஈடில்லைதான். ஆனால் கூட்டத்தில் உட்கார ஓர் இடமாவது கிடைக்கும்.

மலைகளில் கதை வேறு. ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் மலையாளிப் பழங்குடியினர் பெருவாரியாக இருக்கிறார்கள். அவை அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடியினருக்கெனத் தனியாக அறிவிக்கப்படும் பகுதிகள் அல்ல. தமிழகத்தில் அப்படி ஒரு பகுதியே அறிவிக்கப்படவில்லை. அதனால் அத்தகைய பகுதிகளின் ஊராட்சிகளில் தலைவர் பதவியைப் பழங்குடியினருக்கே ஒதுக்கும் 1996-ஆம் ஆண்டு ‘பெசா’ சட்டம் இங்கே செல்லாது. சுழற்சியில் அந்தப் பதவி வேறு பிரிவுக்கும் போகலாம்.

வென்ற பிறகு வருவது காசோலைச் சிக்கல். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. தலைவர் பழங்குடியினராகவும் துணைத் தலைவர் ஊரில் செல்வாக்குள்ள சாதியினராகவும் அமைந்து, இவர் கையெழுத்துப் போட மறுத்தால், குடிநீர் மோட்டார் பழுதுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. ஒன்றிய அலுவலகத்தில் இதை ‘இருவருக்கும் ஒத்துப்போகவில்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் பழங்குடியினரான ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம். மனு போடவிடாமல் தடுப்பது 3(1)(எல்). புகார் எழுதும்போது தீர்மான எண், பில் தேதி, கையெழுத்து மறுக்கப்பட்ட நாள் மூன்றையும் குறிப்பிட்டு ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். தேதியில்லாத புகார் மறுபடியும் ‘ஒத்துப்போகவில்லை’ கோப்பில்தான் சேரும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.