மூன்று நாளில் நியூ ஆர்லியன்ஸ்

ஹூஸ்டன்,
அக்டோபர் முதல் வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே நலம். அம்மாவின் முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? போனில் "ம், சரி" என்பதற்கு மேல் நீங்கள் பேசமாட்டீர்கள், ஆனால் கடிதம் வந்தால் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்து வைப்பீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். அதனால் இதை எழுதியே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அடுத்த வாரக் கடைசியில் எனக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. இங்கே நர்ஸ் வேலை என்றால் வாரத்துக்கு மூன்று ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். மீதி நான்கு நாளும் லீவுதானே என்று கேட்பார்கள். ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடும், மற்றது சமையல், துணி, பேரனின் பள்ளிக்கூடம் என்று கரைந்துவிடும். இந்தத் தடவை மூன்று ஷிப்டையும் வார நடுவில் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கும் விடுமுறை. சனிக்கிழமை விடியற்காலை காரில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர், ஆறு மணி நேரப் பயணம்.

எத்தனையோ ஊர் இருக்க இது எதற்கு என்றால், உங்கள் பேரனுக்காகத்தான். இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து பேண்ட் வாசிப்பதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். அவன் ட்ரோம்போன் எடுத்திருக்கிறான். அது என்ன வாத்தியம் என்று போன மாதம் கேட்டீர்கள். பித்தளைக் குழாய், உங்கள் நாயனத்தைப் போல் சீவாளி கிடையாது, உதட்டை அதிரவைத்து ஊத வேண்டும். விரல் வைக்கத் துளையும் இல்லை. குழாயின் ஒரு பகுதியை முன்னும் பின்னும் இழுத்து ஸ்வரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். நீங்கள் தோடியில் ஜாரு கொடுப்பீர்களே, அந்த மாதிரி ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக இதில் நன்றாக வரும். பள்ளியில் நாற்காலியில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிக்கிறான். இதே வாத்தியத்தைத் தெருவில் நடந்துகொண்டே, தாள் எதுவும் இல்லாமல் வாசிக்கும் ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதை அவன் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சுவாமி புறப்பாட்டில் உங்கள் பின்னாலேயே நான்கு வீதியும் நடந்து வளர்ந்தவள் நான். அவனுக்கு அது கிடைக்கவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். அப்புறம் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஸ்பெயின் கையில் இருந்தது. 1803-இல் அமெரிக்கா அந்தப் பிரதேசத்தையே விலைக்கு வாங்கியது. 1788-இலும் 1794-இலும் இரண்டு பெரிய தீ விபத்துகள். பழைய ஊர் பெரும்பாலும் எரிந்து போனது. அதனால் இன்றைக்கும் பிரெஞ்சு குவார்ட்டர் என்று அழைக்கும் பகுதியில் நடுமுற்றம் வைத்து நிற்கும் பழைய வீடுகளில் பல, ஸ்பெயின்காரர்கள் ஆண்டபோது கட்டியவை.

ஆனால் ஊரின் சங்கீதம் இந்த இரண்டு ராஜ்யத்தாரும் கொடுத்தது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களுக்கு வேலை இல்லை. அன்றைக்கு ஊரின் பின்பக்கம் ஒரு திடலில் கூடிப் பறை கொட்டி ஆடுவார்கள், சாமான்கள் விற்பார்கள். வேறெங்கும் கூடக் கூடாது, ஓர் இடத்தில்தான் என்று 1817-இல் நகராட்சி சட்டமே போட்டது. அந்தத் திடலுக்குக் காங்கோ சதுக்கம் என்று பெயர். இன்றைக்கு அது லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் 1901-இல் அந்த ஊரில் ஏழை வீட்டில் பிறந்தவர். ட்ரம்பெட் வாசித்து, ஜாஸ் என்ற அந்த ஊர்ச் சங்கீதத்தை உலகத்தையே கேட்க வைத்தவர்.

என் வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருக்கிறார், அந்த ஊர்க்காரர். 2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி கத்ரினா புயல் வந்து கரைகள் உடைந்தபோது நகரத்தில் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. நம் நாகப்பட்டினத்தில் கடல் ஏறியதற்கு மறு வருஷம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆயிரக்கணக்கானவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே ஹூஸ்டனில் ஒரு விளையாட்டு அரங்கத்தில் தங்கவைத்தார்கள். அதில் இவர் குடும்பமும் வந்தது, அப்படியே தங்கிவிட்டது. நான் போகிறேன் என்றதும் மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதைப் பற்றியேதான் பேசினார். எங்கள் திட்டத்தில் பாதி அவர் போட்டது.

அப்பா, அவர் சொன்னதில் என்னை மிகவும் தொட்டது அந்த ஊர்ச் சாவு ஊர்வலம். இறந்தவரின் உடலோடு பேண்டும் நடக்கும். கல்லறைக்குப் போகும்போது விளம்ப காலத்தில் தோத்திரப் பாட்டுகள், கால் தேய்ந்து தேய்ந்து நடப்பார்கள். உடலை விட்டுப் பிரிந்த பிறகு முரசு இறுகும், காலம் ஏறும், துக்கத்துக்கு வந்தவர்களே குடையை விரித்து ஆடத் தொடங்குவார்கள். வாத்தியக்காரர்களும் குடும்பத்தாரும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்துகொள்ளும் ஊர் ஜனம் இரண்டாம் வரிசை. ஆடிக்கொண்டே போகும் இந்த ஊர்வலத்துக்கே 'செகண்ட் லைன்' என்று பெயராகிவிட்டது. நம் ஊரில் நாயனம் மங்கல வாத்தியம், சாவு வீட்டுப் பக்கம் போகாது. அங்கே பறைதான், அடிப்பவர்களும் வேறு தெருவிலிருந்து வருவார்கள், அவர்களை யாரும் திண்ணையில் உட்காரச் சொன்னதை நான் பார்த்ததில்லை. நியூ ஆர்லியன்ஸில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே ட்ரம்பெட், அதே ஆள், அதே மரியாதை. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

சாவு இல்லாமலும் இந்த ஊர்வலம் உண்டு. கோடைக் காலம் தவிரப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சங்கம் நடத்தும். கறுப்பின மக்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அவர்களே சந்தா போட்டு, நோய் வந்தால் வைத்தியத்துக்கும் இறந்தால் அடக்கத்துக்கும் பணம் கொடுக்க அமைத்துக்கொண்ட சங்கங்களின் வழியில் வந்தவை இவை. அங்கத்தினர்கள் ஒரே நிறத்தில் கோட்டு, தொப்பி, இறகு விசிறி என்று வருவார்கள். மூன்று நான்கு மணி நேரம் தெருத் தெருவாக நடை. டிக்கெட் கிடையாது, யாரும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். தவிலில் இரண்டு பக்கத்தையும் ஒருவரே வாசிக்கிறார் இல்லையா? அங்கே பெரிய முரசு ஒருவர் தோளில், சின்ன முரசு இன்னொருவர் இடுப்பில். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு நடை. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூசபோன் என்ற பெரிய குழல் அடிநாதத்தைத் தாங்கும். பயணத்தின் மையமே இந்த ஞாயிறுதான். மற்றதெல்லாம் இதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைக்கும் ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஊருக்குள் நுழையும் முன் விட்னி பிளாண்டேஷன் என்ற பழைய கரும்புத் தோட்டத்துக்குப் போகிறோம். அந்தப் பக்கம் இப்படிப் பண்ணை வீடுகள் நிறைய. பலவற்றில் முதலாளியின் மாளிகையைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். இது 2014-இல் திறந்த அருங்காட்சியகம், அங்கே அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் வாழ்க்கையை மட்டுமே சொல்வது. பையனுக்கு இது வேண்டாம், மனசு கஷ்டப்படும் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. பதினொரு வயதுக்குப் புரியும் என்பது என் கட்சி. அடிமைச் சந்தைகளில் இந்த நாட்டிலேயே பெரியது நியூ ஆர்லியன்ஸ். அதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிதான் கேட்டதாகும். நம் ஜனங்களும் கரும்பு வெட்ட பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் கப்பலேறியவர்கள்தானே.

அன்று இரவு பிரிசர்வேஷன் ஹால். 1961-இலிருந்து நடக்கிறது. சின்ன அறை, சில பெஞ்சுகள், மீதிப் பேர் நிற்க வேண்டும். மைக் இல்லை, சாப்பாடு இல்லை, முக்கால் மணி நேரக் கச்சேரி. குழந்தைகளையும் விடுகிறார்கள் என்பதால் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஃப்ரெஞ்ச்மென் தெருவில் வரிசையாகக் கச்சேரி நடக்கும் இடங்கள் உண்டு, ஆனால் அநேகமாக எல்லாம் பார். சிறுவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. தெருமுனையில் வாசிக்கும் இளவட்டங்களை நின்று கேட்கலாம். வாளியில் பணம் போடாமல் நகரக் கூடாது, சில்லறை நோட்டாக எடுத்துக்கொண்டு போ என்று அந்த நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார். சன்மானம் குறைந்த நாட்களில் நீங்கள் வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். போடாமல் வரமாட்டேன்.

இனி அம்மா படிக்க வேண்டிய பகுதி. அந்த ஊர்ச் சமையலுக்கு ஈடு இந்த நாட்டில் நான் கண்டதில்லை. கம்போ என்று ஒரு குழம்பு. எண்ணெயில் மைதாவைப் போட்டு, சின்னத் தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் கை எடுக்காமல் கிண்டுவார்கள், சாக்லேட் நிறம் வரும்வரை. ஒரு நொடி விட்டால் கருகிவிடும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்துதான். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் வதங்கி, இறாலோ கோழியோ சேர்ந்து கொதிக்கும். வெண்டைக்காய் போடுவார்கள், அதை அங்கே கொண்டுவந்தது ஆப்பிரிக்கர்கள். இல்லையென்றால் சாக்டா என்ற பூர்வகுடி மக்கள் கற்றுக்கொடுத்த ஒரு இலைப்பொடி, குழம்பைக் கெட்டியாக்கும். எல்லாம் சோற்றின் மேல் ஊற்றித்தான். அந்த நர்ஸ் ஒருமுறை டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். அடி பிடிக்காமல் வற்றவைத்த நம் வெண்டைக்காய் வற்றல் குழம்பு நினைவு வந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை யாரிடமும் பேசவில்லை.

காபிக்கு அவர்களும் சிக்கரி கலக்கிறார்கள், அம்மா! உள்நாட்டுப் போரில் துறைமுகம் அடைபட்டுக் காபிக்கொட்டை கிடைக்காதபோது கலந்து பழகியது, பிறகு விடவே இல்லை. 1862-இலிருந்து இருக்கும் கஃபே து மோந்த் என்ற கடையில் அந்தக் காபியோடு, சர்க்கரைப் பொடி தூவிய சூடான பேன்யே என்ற பணியாரம் தருவார்கள். ஞாயிறு காலை, கூட்டம் வருவதற்கு முன் அங்கே போகிறோம். 1929-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னாள் டிராம்காரர்களான சகோதரர்கள் இருவர் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததாகச் சொல்லும் போபாய் என்ற ரொட்டியும் இறால் வறுவல் வைத்துக் கிடைக்கும். திங்கட்கிழமை மதியம் சிவப்புப் பயறும் சோறும். அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். அடுப்பில் பயறை வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு வேகும் என்று தொடங்கிய வழக்கம், இன்றைக்கும் ஓட்டல்களில் திங்களன்று அதுதான். பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். உங்கள் மாப்பிள்ளை சாப்பிடமாட்டார், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தங்குவது செயின்ட் சார்ல்ஸ் தெருவில். பழைய ஊருக்குள் அறை வாடகையும் கார் நிறுத்தும் செலவும் நமக்குக் கட்டாது. இந்தத் தெரு வழியே 1835-இலிருந்து டிராம் ஓடுகிறது, அதிலேயே போய் வரலாம். பார்கள் நிறைந்த போர்பன் தெருவைப் பகலில் ஒரு நடை பார்த்தால் போதும். சதுப்புநிலப் படகு, கல்லறைச் சுற்றுலா எல்லாம் இந்தத் தடவை இல்லை. நேரம் மிச்சமிருந்தால் ட்ரெமே பகுதியில் நடக்க வேண்டும். கறுப்பின மக்களின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. அங்கே 1880-களிலிருந்து வங்காளத்தின் ஹூக்ளி பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் பூவேலைத் துணி விற்க வந்து, சிலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கியும் இருக்கிறார்கள். நம் தேசத்துக்காரர்கள் அவ்வளவு காலம் முன்பே அந்தத் தெருவில் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புயல் காலம் இன்னும் முடியவில்லை, அதனால் வானிலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவலைப்படாதீர்கள், கடலில் ஏதாவது கிளம்பினால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவோம்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஊர்வலத்தின் நடுவிலிருந்து வீடியோ கால் போடுகிறேன். உங்களுக்கு அப்போது இரவு பதினொன்றரை. அண்ணனின் போனைச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பேரனிடம் நீங்களே பேசுங்கள். தெருவில் நடந்துகொண்டே வாசிக்கும்போது மூச்சை எங்கே எடுப்பது என்று அவன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்