ஏழுகிணறு சைவ உணவு விடுதியின் காலைக் கஞ்சி தடைபடாதிருக்க இடம் கோரும் மனு

அனுப்புநர்
தெருவாசிகள்,
ஏழுகிணறு, சென்னை.

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டலம் 5 (ராயபுரம்),
பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: நடைபாதைப் பணி நடக்கும் நாட்களில் காலைக் கஞ்சி வார்க்க மாற்றிடமும், பணி முடிந்தபின் விடுதி வாசலில் சாய்தளமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருமுனையில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் சைவ உணவு விடுதியின் முன்னே, புதிய நடைபாதைக்காகச் சுண்ணாம்புக் கோடு போடப்பட்டுள்ளது. நடைபாதை வேண்டுமென்று கேட்டவர்களில் நாங்களும் உண்டு. முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வண்டிகளுக்கு நடுவே நடக்கிற தெரு இது. ஆகவே பணியை நிறுத்தும்படியோ தள்ளிவைக்கும்படியோ நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கோட்டுக்குள் விடுதியின் வாசற்படியும் அதை ஒட்டிய கருங்கல் திண்ணையும் வருகின்றன. அந்தத் திண்ணையில்தான் நாள்தோறும் காலை 6 மணி முதல் 7.30 மணி வரை, வருகிற எவருக்கும் விலையின்றிக் கஞ்சி வார்க்கப்படுகிறது.

வள்ளலார் இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்தது இதே ஏழுகிணற்றில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில். இங்கிருந்துதான் அவர் கந்தகோட்டத்துக்குச் சென்று வழிபட்டார். பின்னாளில், 1867இல், வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எங்கள் விடுதியைத் தொடங்கிய பெரியவர் அந்த அடுப்பைக் கண்டு வந்த பிறகே காலைக் கஞ்சியைத் தொடங்கினார் என்று அவர் குடும்பத்தார் சொல்வார்கள். கல்லாவுக்கு மேலே ஒரு ஜோதி விளக்கு எரியும். வேறு படம் எதுவும் இல்லை. வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணி, தூதுவளை ஆகியவற்றில் ஒன்றேனும் மதியச் சாப்பாட்டில் இருக்கும். அந்தச் சாப்பாட்டுக்கு விலை உண்டு. அதில் மிஞ்சுவதைக் கொண்டுதான் மறுநாள் காலை உலை வைக்கிறார்கள். கஞ்சிக்கென்று உண்டியல் வைத்ததில்லை. வருபவரின் பெயரையோ ஊரையோ சாதியையோ கேட்டதும் இல்லை.

கொத்தவால்சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பின்பும் சுற்றியுள்ள மொத்தக் கடைகளை நம்பி மூட்டை தூக்குவோரும் மீன்பாடி வண்டி ஓட்டுவோரும், விடியற்காலையில் தெருக் கூட்டி முடிக்கும் தூய்மைப் பணியாளர்களும், பிள்ளைகள் கைவிட்ட முதியோரும் அங்கே வருகிறார்கள். 2020 ஊரடங்கில் சாப்பாட்டுக் கூடம் மூடிக் கிடந்த நாட்களிலும் திண்ணையில் இடைவெளி விட்டு நிறுத்தி, தூக்குப் பாத்திரங்களில் கஞ்சி ஊற்றினார்கள். இம்மனுவைத் தெருவின் சார்பில் எழுதும் நான் கணவரை இழந்த ஆண்டில், என் பிள்ளைகள் இருவரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார்கள். அந்த ஓராண்டில் ஒரு நாளாவது கஞ்சி நின்றிருந்தால் அவர்கள் வெறும் வயிற்றோடு போயிருப்பார்கள்.

திண்ணை ஏறத்தாழ இரண்டடி பொதுஇடத்தில் நீண்டிருப்பது உண்மை. நாங்களே அளந்து பார்த்தோம். அதைத் தம் செலவில் அகற்றிக்கொள்வதாக உரிமையாளர் எழுதிக் கொடுத்துள்ள கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளோம். திண்ணை போவதில் எங்களுக்கு வருத்தம் இருக்கிறது, மறுப்பு இல்லை. ஆனால் வாசலில் பள்ளம் தோண்டியிருக்கும் நாட்களில் கஞ்சிப் பானையை வைக்கவும் வருபவர்கள் நிற்கவும் இடம் இருக்காது. ஆகவே பணி முடியும் வரை, எதிரே உள்ள மாநகராட்சிச் சமுதாயக் கூடத்தின் முன்வாசலைக் காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி அளிக்க வேண்டுகிறோம். 7.30 மணிக்குள் அவ்விடத்தைக் கழுவித் துடைத்து ஒப்படைக்கும் பொறுப்பைத் தெருவாசிகளாகிய நாங்கள் ஏற்கிறோம். பணி முடிந்தபின் விடுதி வாசலுக்கு நேராக நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்திச் சாய்தளமாக அமைத்தால், கோலூன்றி வரும் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சிரமமின்றி உள்ளே வரலாம். கஞ்சியையும் விடுதிக்குள்ளேயே வார்க்க உரிமையாளர் இசைந்துள்ளார்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. மாநகராட்சியே 2013 முதல் அம்மா உணவகங்கள் வழியே எளியோருக்கு உணவளித்து வருகிறது. ஆகவே எங்கள் கோரிக்கையின் நியாயத்தைத் தாங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறோம்.

பள்ளம் தோண்டும் நாளுக்கு முன்பாக, ஒருநாள் காலை 6 மணிக்குத் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்

இணைப்பு: உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், தெருவாசிகளின் கையொப்பங்கள்.