மறைச் சுட்டியும் மலையக மூடுபனியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனுக்கு அருகே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணிதம் கற்பிக்கும் நான், விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் (ஓர் எண்ணை, 1 அல்லது அதற்கு மேற்பட்டதும் 10ஐ விடக் குறைந்ததுமான ஓர் எண்ணைப் பத்தின் வலுவால் பெருக்கியதாக எழுதும் முறையில்) மிகச் சிறிய அளவுகளை ஒப்பிடும்போது அவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பிழையைப் பற்றி எழுத விரும்புகிறேன். செங்குருதிக் கலம் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 8 × 10⁻⁶ மீற்றர். காலையில் எமது மலைகளை மறைக்கும் மூடுபனியின் நீர்த்துளி ஒன்று 2 × 10⁻⁵ மீற்றர் விட்டம் கொண்டதாக இருக்கலாம். எது பெரிது என்று கேட்டால், முன்னால் நிற்கும் 8ஐயும் சுட்டியிலுள்ள, அதாவது பத்தின் மேலே சிறிதாக எழுதப்படும் எண்ணிலுள்ள, 6ஐயும் பார்த்துவிட்டுக் குருதிக் கலமே பெரிது என்கிறார்கள். −5 என்பது −6ஐ விடப் பெரியது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவ்வெண் சுட்டியாக மேலே ஏறியதும் அது மறந்துபோகிறது. 2 × 10⁻⁵ என்பதை 20 × 10⁻⁶ என எழுதச் சொன்னால் (இது விஞ்ஞானமுறை வடிவமன்று எனக் கண்டிப்பானவர்கள் முகம் சுளிக்கலாம், ஒப்பிடுவதற்கு இது போதும்), துளி இரண்டரை மடங்கு பெரிது என்பது உடனே விளங்கிவிடுகிறது.

பிழை முழுவதும் பிள்ளைகளுடையதும் அன்று. கைக்குக் கிடைக்கும் சில மாதிரி வினாத்தாள்களில் சுட்டி உயர்த்தப்படாமல் "10-6" என்றே அச்சாகியிருக்கிறது. பத்திலிருந்து ஆறைக் கழித்து 4 என ஒரு மாணவி விடை எழுதியபோது, அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலாவது சுட்டிகளை உரிய இடத்தில், உரிய குறியுடன் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.