எண்ணெய் வந்தால் ஊர் நிலைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆழ்கடல் எண்ணெய் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, ஒதுக்குப்புறமான பகுதிகளுக்கு அது வருமானம் தரும் என்பதோடு நின்றுவிட்டது. அந்த வருமானம் அங்கேயே தங்குமா, அதை நம்பி மக்கள் தங்குவார்களா என்பதுதான் நீலகிரி மலையில் வாழும் எங்களுக்கு முக்கியமான கேள்வி.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் மக்கள்தொகை 1960களில் சுமார் 17,000 ஆகக் குறைந்திருந்தது. 1971இல் அருகிலுள்ள வட கடலில் பிரெண்ட் எண்ணெய் வயல் கண்டறியப்பட்ட பின், நிலத்தைக் கையகப்படுத்தவும் துறைமுகத்தை நடத்தவும் தனக்கு அதிகாரம் தரும் தனிச் சட்டம் ஒன்றைத் தீவின் கவுன்சில் 1974இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெற்றது. கடலிலிருந்து வரும் எண்ணெயைப் பெறத் தீவில் கட்டப்பட்ட சல்லம் வோ முனையத்துக்கு எண்ணெய் வந்தது 1978இல்தான். தீவுக்கு நேரும் இடையூறுக்கு ஈடாக நிறுவனங்கள் செலுத்திய தொகை அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்து, முதியோர் பராமரிப்புக்கும் விளையாட்டு மையங்களுக்கும் பயன்பட்டது. 2011இல் மக்கள்தொகை 23,000ஐத் தாண்டியிருந்தது. கட்டுமானக் காலத்தில் வெளியாட்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களில் குவிந்ததையும், கூலிப் போட்டியில் மீன் பதப்படுத்தும் கூடங்களும் கம்பளிப் பின்னல் தொழிலும் ஆட்களை இழந்ததையும் சிறிய விலை என்று நான் சொல்லமாட்டேன்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது வேறு. 1992இல் காட் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டது. 1997இல் ஹைபர்னியா என்ற கடல் எண்ணெய் வயலில் உற்பத்தி தொடங்கியது. ஆனாலும் 1991இல் 5,68,000 ஆக இருந்த மாகாண மக்கள்தொகை 2006இல் 5,05,000 ஆகச் சரிந்தது. கடலில் உள்ள எண்ணெய் மேடையில் சில வாரம் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் தொழிலாளி எந்த ஊரிலும் வீடு வைத்துக்கொள்ளலாம். அலுவலகங்களோ தலைநகர் செயின்ட் ஜான்ஸில் அமைந்தன. மீனை நம்பியிருந்த சிறு கடலோர ஊர்களுக்கு இதில் கிடைத்தது சொற்பமே.

இதை எழுதக் காரணம், எங்கள் மாவட்டமும் ஆட்களை இழந்துவருவதுதான். நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. 1932 முதல் இங்குள்ள பைக்காரா ஆற்றின் நீர்மின்சாரம் கோவையின் நூற்பாலைகளை வளர்த்தது. பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காத எங்கள் பிள்ளைகள் இன்று அதே கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்குகிறார்கள்.

இப்போது எங்கள் மாவட்டத்தின் குந்தாவில், நீரை மேலே ஏற்றிவைத்துத் தேவையானபோது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் உருவாகிவருகிறது. இந்த மலையின் நீரிலிருந்து கிடைக்கும் மின் வருமானத்தில் ஒரு பங்கு இங்குள்ள ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஆண்டுதோறும் சேரவேண்டும் என்றும், அதில் ஒரு பகுதி செலவிடப்படாமல் நிரந்தர நிதியாக வைக்கப்படவேண்டும் என்றும் தமிழக அரசு சட்டம் இயற்றவேண்டும். ஷெட்லாந்தில் எண்ணெய் வருமுன்பே சட்டம் வந்ததுபோல, குந்தா திட்டம் முழு உற்பத்திக்கு வருமுன் இச்சட்டம் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.