பில்லில் வயருக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்கு டிஷ் மாட்டினாலும் கேமரா மாட்டினாலும் கையில் கிடைக்கும் பில்லில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: ‘சி.சி.டி.வி. செட் 1, பொருத்துக்கூலி உட்பட’. எத்தனை மீட்டர் வயர், அது செம்பா அலுமினியமா, உள்ளே என்ன ஹார்டு டிஸ்க், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்ற பேச்சே கிடையாது. கம்பெனி தரும் வாரண்டி, செட்டாப் பாக்ஸ் பெட்டிக்கும் கேமராவுக்கும் மட்டும். கோளாறு வருவதோ பெரும்பாலும் வயரிலும் அதன் முனையிலும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் டிஷ் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: “பாதி சேனல் வருது, பாதி வரலை.” பேக் முடிந்துவிட்டதோ என்று ரீசார்ஜ் செய்வார்கள், வராது. பிறகு பெட்டியை மாற்றுவார்கள், அப்போதும் வராது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்குத் தனி மின்சாரம் கிடையாது. செட்டாப் பாக்ஸ்தான் படம் வரும் அதே வயர் வழியாக அதற்கு மின்சாரத்தை ஏற்றி அனுப்புகிறது. செங்குத்தாக அதிரும் அலையில் வரும் சேனல்களுக்கு 13 வோல்ட், கிடைமட்டமாக அதிரும் அலையில் வருபவற்றுக்கு 18 வோல்ட். எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்துத்தான் எல்.என்.பி. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாறிக்கொள்ளும். மாடியில் வயரின் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர் என்ற திருகு இணைப்பானுக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூத்துவிட்டால், கீழிருந்து கிளம்பும் 18 வோல்ட் மேலே போய்ச் சேரும்போது 14 ஆகிவிடலாம். எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடைமட்டச் சேனல்கள் மொத்தமாகப் போய்விடும், மற்றவை பளிச்சென்று வந்துகொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்.என்.பி. முனையில் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்திருந்தாலோ அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பி வெள்ளையாய்ப் பொடிந்திருந்தாலோ, வயர் பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறிய வேண்டும். அதற்குத்தான் மாட்டும்போதே அரை மீட்டர் வயரைக் கூடுதலாகச் சுற்றி விடச் சொல்வது. புதிய கனெக்டரில் நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். வலைக்கம்பியின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். கையால் திருகி ஏற்றும் மலிவு கனெக்டரைவிட, கருவியால் அழுத்திப் பொருத்துவது பல மழை தாங்கும். வயரை எல்.என்.பி.யிலிருந்து கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றிக் கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சாதாரண இன்சுலேஷன் டேப்பை நம்ப வேண்டாம், நம் ஊர் வெயிலில் பசை உருகி அது கழன்று தொங்கும்.

மழை கொட்டும்போது படம் போய், மழை விட்ட சற்று நேரத்தில் திரும்பினால் அது மேகத்தின் வேலை, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லையென்றால் மேலே சொன்ன ஈரம், அல்லது காற்றில் டிஷ் அசைந்திருக்கிறது. பெட்டியின் சிக்னல் பக்கத்தில் இரண்டு பட்டைகள் தெரியும். ‘ஸ்ட்ரென்த்’ நிறைந்து ‘குவாலிட்டி’ பூஜ்ஜியமாக இருந்தால் பெரும்பாலும் திசைதான் மாறியிருக்கிறது.

திசை பற்றி இன்னொன்று. டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில், அதாவது தலைக்கு மேலே கொஞ்சம் சாய்வாக. அதனால் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயரமாக நிற்கும் தென்னைகூட நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். எதிர்வீட்டு மரத்தின் மேல் பழிபோட்டுச் சண்டைக்குப் போவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடலாம்.

எச்.டி. பேக்குக்குப் பணம் கட்டிவிட்டு மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் டிவியை இணைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வயரில் படம் 576 கிடைவரிக்கு மேல் போகாது. எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டும்வரை அந்தப் பணம் வீண். கட்டண விஷயத்தில், சேனல் விலை போக மாதம் கட்டும் நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. ரசீதில் அந்தக் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

கேமராவிலும் இதே வயர் வியாதிதான், முகம் மட்டும் வேறு. “பகலில் நன்றாக ஓடுகிறது, இருட்டியதும் விட்டுவிட்டு அணைகிறது” என்பார்கள். இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கேமரா இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். படத்துக்கு ஒன்றும் மற்றவற்றுக்கு மூன்றுமாக இழைகள் கொண்ட ‘3+1’ வயரில் மின்சாரம் போகும் இழைகள் மெல்லியவை. அதிலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் முப்பது மீட்டரில் 12 வோல்ட்டில் மூன்று நான்கு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கேமரா அணையும், விளக்கு அணைந்ததால் வோல்ட் ஏறும், மறுபடி உயிர் வரும், மறுபடி அணையும். இரவு எட்டு மணிக்கு மேல், கேமரா இணைந்திருக்கும்போதே அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 10.8-க்குக் கீழே காட்டினால் வயர்தான் குற்றவாளி. கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதில் பக்கத்தில் இருக்கும் கேமரா அடிவாங்கும். வயர் செம்புதானா என்று அறிய, இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் போதும். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

‘ஒரு மாதம் பதிவு இருக்கும்’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். இது வாயால் சொல்லும் விஷயமே அல்ல, பெருக்கல் கணக்கு. ஒரு கேமரா இடைவிடாமல் 1 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. ஆகும். 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் 2 எம்.பி.பி.எஸ். வைத்தால் 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. ஆக, 1 டி.பி. டிஸ்க் பதினொன்றரை நாளில் நிறைந்து பழையதை அழிக்க ஆரம்பிக்கும். பழைய எச்.264-இல் 4 எம்.பி.பி.எஸ். வைத்தால் ஆறு நாள்கூட வராது. மாதம் வேண்டுமென்றால் 3 டி.பி.யாவது தேவை, இல்லையென்றால் அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி வைக்க வேண்டும். திருட்டு நடந்தது இருபதாம் நாள் தெரியவரும்போது இந்தக் கணக்கு போட்டுப் பார்ப்பதில் என்ன லாபம்? டிஸ்க்கும் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கை உள்ளே வைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. மூடும் முன் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பற்றிக் கடையில் யாரும் கேட்பதில்லை. 2.8 மி.மீ. லென்ஸ் வாசல், கேட், தெரு என்று எல்லாவற்றையும் அகலமாகக் காட்டும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் முகம் அடையாளம் தெரிய ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையில் உள்ள அளவுகோல். 2 மெகாபிக்சலில் அந்த லென்ஸுக்கு அது மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கேட் எட்டு மீட்டர் தள்ளி இருந்தால் வருகிறவர் சட்டை நிறம் தெரியும், ஆள் தெரியாது. அந்த ஒரு கேமராவுக்கு, அகலம் குறைந்தாலும் தூரத்து ஆளைப் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ் போடச் சொல்லுங்கள். சன்ஷேடின் அடிப்பாகத்தை ஒட்டி மாட்டினால் இரவில் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துவிடும். சிலந்தி வலையும் அப்படித்தான், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து இணைப்பு கிடைக்காவிட்டால், 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம், ஆப்பில் கேமரா யார் பெயரில் பதிவாகிறது என்பது. அவசரத்தில் மாட்ட வந்தவர் தன் மொபைல் எண்ணிலேயே பதிந்துவிட்டு வீட்டுக்காரருக்கு ‘ஷேர்’ செய்துவிட்டுப் போகிறார். அதன்பின் வீட்டுக்கு உரிமையாளர் நீங்கள், கேமராவுக்கு அவர். அவர் தன் கணக்கிலிருந்து நீக்கும்வரை பல மாடல்களை மறுபடி பதிய முடியாது. முதலிலேயே உங்கள் எண்ணில் பதியச் சொல்லி, அவர் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் உலகம் முழுக்க இணையதளங்களை முடக்கிய மிராய் என்ற நச்சுநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களுக்குள்ளும், பதிவுப் பெட்டிகளான டி.வி.ஆர்.களுக்குள்ளும் புகுந்துதான் படை திரட்டியது. 2025 ஏப்ரல் 9 முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையையும் மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. கேமராவின் மேல் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம்.

டி.வி.ஆர். கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டும்போது அதற்குச் சான்றிதழ் தர வேண்டும். அந்த நேரத்தில் படத்தின் மூலையில் ஆறு மணி நேரம் தவறாக ஓடும் கடிகாரம் நமக்கு எதிராகவே பேசும்.

இத்தனைக்கும் கேட்பது பில்லில் நாலு வரிதான்: “3+1 வயர், முழுச் செம்பு, 65 மீட்டர். 2 மெகாபிக்சல் கேமரா நான்கு, பதிவு எண்ணுடன், ஒன்று 6 மி.மீ. லென்ஸ். கண்காணிப்பு ஹார்டு டிஸ்க் 2 டி.பி., வரிசை எண்ணுடன். தொடர் பதிவு 23 நாள்.” இப்படி எழுதித் தரும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். எழுதித் தந்தபின் பொருள் வேறாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ‘செட் 1’ என்ற பில்லை வைத்துக்கொண்டு அங்கே எதைக் காட்டுவது?

இப்படிக்கு,
மின்னணுக் கருவிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
ஈரோடு.