செவ்வாயும் சனியும் எங்களுக்குப் பள்ளிக்கூடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

எங்களை மாதிரியே பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க நீ போட்ட டைம்டேபிளின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கெட்ச் பென்னில் ஆறு பாடத்துக்கும் ஆறு நிறம். ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்கு ஆங்கிலம், நடுவில் பதினைந்து நிமிடம் ‘ஸ்நாக்ஸ்’. அதற்குக் கீழே, “மூணாவது வாரமே படுத்துடுச்சுக்கா, எனக்கு இது ஒத்து வராதோ?” என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதே மாதிரி ஒரு சார்ட் எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஆறு வருஷமாகத் தூங்குகிறது.

எங்கள் கல்யாணச் சமையல் தொழில் உனக்குத் தெரியாததா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்துக்குள் போனால், மறுநாள் சாயங்காலம் அண்டாவைக் கழுவி வண்டியில் ஏற்றிய பிறகுதான் வீடு. முதல் வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே நம் வீட்டிலும் மணி அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் ஜூன் என்றால் வைகாசி முகூர்த்தமே முடிந்திருக்காது, அதோடு ஆனியும் பிறந்துவிடும். எப்படியோ இழுத்துப்பிடித்து ஓட்டினேன். ஆவணியில் ஒரு நாள், மண்டபத்துச் சமையல்கட்டில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பெரியவள் அறிவியல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே ‘ம், சரி, ம், சரி’ என்றேன். கடைசியில் அவள், “அம்மா, நான் வேணும்னே மூணு பதில் தப்பா சொன்னேன், எல்லாத்துக்கும் சரின்னுட்டே” என்றாள். அன்று ராத்திரி சார்ட்டை மடித்து உள்ளே வைத்தேன். ஆணியில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. காதுகுத்து, திதி என்று சில்லறை வேலைதான். மற்ற மாதங்களிலும் செவ்வாய், சனியில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று பாட்டி சொல்லுவாளே, அந்த வெறுவாய்தான் எங்களுக்கு வகுப்பு. மறுநாள் முகூர்த்தம் இருந்தால் மத்தியானமே கிளம்ப வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த இரண்டு நாள் காலையும் என் கையை விட்டுப் போகாது.

சமச்சீர் நாலாம் வகுப்புப் புத்தகம் மூன்று பருவமாக வருகிறது, பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் முதல் பருவம் செப்டம்பரோடு முடியும், இரண்டாவது டிசம்பரோடு, மூன்றாவது ஏப்ரலோடு. எங்கள் வீட்டில் அறிவியலும் சமூக அறிவியலும் முதல் பருவம் ஆடியில், இரண்டாவது புரட்டாசியில், மூன்றாவது மார்கழியில். அந்த மாதங்களிலும் எல்லாவற்றையும் கலந்து கட்ட மாட்டேன். ஒரு வாரம் முழுக்க அறிவியல், அடுத்த வாரம் முழுக்க சமூக அறிவியல். சின்னவன் ஒரு வாரத்தில் ஒரு பாடத்தைத் தின்று முடிக்கிற வேகத்தைப் பார்த்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு, கணக்கு மூன்றும் வருஷம் முழுக்க உண்டு, மண்டபத்திலும் உண்டு. மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இப்போது உன் கதைக்கு வருவோம். ஆறு பாடம், முக்கால் மணி நேரம், ஐந்து நாள். கூட்டிப் பார், வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் நைட் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு ஒன்பது மணிக்குத் தமிழ் எடுத்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, அட்டென்டன்ஸ் எடுத்து, நோட்டுத் திருத்துகிறவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் வேண்டும். உன் எதிரில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. எட்டு வயசுக்கு ஒன்றரை மணி நேரம் முழுசாகக் கிடைத்தாலே தாராளம் என்பது என் அனுபவம்.

அதனால் கிழமையை மற, உன் டியூட்டி ரோஸ்டரைப் பிடி. நைட் டியூட்டி வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். பாப்பா தானாகச் செய்யக்கூடியதை மட்டும் வை: வாசிப்பு, பழைய கணக்கு, ஒரு பக்கம் எழுத்து. நீ தூங்கி எழுந்து சாயங்காலம் டீ குடிக்கும்போது பார்த்துக் கொடு. காலை டியூட்டி வாரத்தில் மத்தியானம் சாப்பிட்டதும் புதுப் பாடம் எடுக்கலாம். நைட் முடிந்து ஆஃப் வருகிறதே, அதில் முதல் நாள் தூக்கத்துக்கு. அதைத் தொடாதே. மிச்சமிருக்கிற நாளில் அறிவியலை வைத்துக்கொள். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற ராத்திரிகளில் ஆங்கில வாசிப்பு அவர் பொறுப்பு. ‘எனக்கு டீச்சிங் வராது’ என்பார், நம்பாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதே. ‘வாழ்க்கையே பாடம், சமையலறையே பள்ளி’ என்று பேசுகிறவர்கள் பாதிதான் உண்மை சொல்கிறார்கள். அந்தப் பாதி நிஜம்தான். பெரியவளுக்குப் பத்து வயசில், நூறு பேருக்கான மளிகை லிஸ்ட்டை முந்நூற்றைம்பது பேருக்கு மாற்றித் தரச் சொன்னேன். சாம்பாருக்கு நூறு பேருக்கு மூன்று கிலோ துவரம்பருப்பு என்பது என் கணக்கு. பத்தரை என்று சரியாகவே பெருக்கியவள், எழுதும்போது புள்ளியை விட்டுவிட்டாள். மளிகைக்காரர் போன் செய்து, “ஏக்கா, நூத்தியஞ்சு கிலோ பருப்பு கேட்டிருக்கீங்க, மண்டி வைக்கப் போறீங்களா?” என்றார். அத்தான் இன்னமும் அவளை ‘மண்டி ஓனர்’ என்றுதான் கூப்பிடுகிறார். அதன் பிறகு தசமப் புள்ளியை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் வடிவியல் எந்த அண்டாவிலிருந்தும் வரவில்லை. தமிழ் இலக்கணத்தின் புணர்ச்சி விதியும் அப்படியே. அதையெல்லாம் உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. சமூக அறிவியலில் இரண்டு வருஷம் பின்தங்கி, ஒரு மார்கழி முழுக்க அதையே படித்தோம்.

பரீட்சையை நினைத்து இப்போதே பயப்படாதே. பெரியவள் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதுகிறாள். பதினாலு வயசு ஆகியிருக்க வேண்டும், ஐந்து பாடம் தேற வேண்டும். ஏப்ரல்-மேயில் ஒரு முறை, அக்டோபர்-நவம்பரில் ஒரு முறை பரீட்சை. பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வரம். தீபாவளிப் பலகார ஆர்டர் மலையாகக் குவிகிற அக்டோபரில் அவள் இரண்டு பாடம் மட்டும் எழுதினாள், மிச்சம் மூன்றை ஏப்ரலுக்குத் தள்ளினோம். வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற பயிற்சிக்கு இருபது சதவீதம் மதிப்பெண் உண்டு. அதைக் கடைசி வாரத்துக்கு விட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

அம்மா உனக்கும் போன் செய்து ‘எப்போதான் ஸ்கூல்ல சேர்ப்பீங்க’ என்று கேட்டிருப்பாள். சண்டை போடாதே. பாப்பாவை ஒரு பக்கம் கதை வாசித்துக் காட்டச் சொல், ஒரு வாரத்துக்கு அமைதியாக இருப்பாள்.

அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து எந்த வாரம் எது என்று குறித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அதற்குள் சின்னவன் கணக்கு முடித்திருப்பான். வெள்ளிக்கிழமை வேண்டாம், அறுநூறு பேர் பந்தி.

அன்புடன்,
உன் அக்கா