அந்த "இல்லை" நான் சொன்னது

அக்கா,

நாளையோடு அப்பா போய் ஒரு வருஷம். இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், முடியவில்லை. உன்னைக் குறை சொன்னவர்கள் நாலு பேர் முன்னால்தான் சொன்னார்கள். அதனால் இதுவும் நாலு பேர் கண்ணில் படட்டும்.

"சுவருக்கு எப்ப மஞ்சள் அடிச்சீங்க?" என்று அப்பா கேட்டாரே, அந்த ராத்திரி என்னை விடமாட்டேன் என்கிறது. வெள்ளைச் சுவர் அது. போர்வையும் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். கண்புரையாக இருக்கும் என்றேன் நான். பித்தம் என்றாய் நீ. அவர் வாந்தி எடுத்தபோது இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டவள் நீ. விளக்கைப் போடுகிற சாக்கில் நான் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் தெளிவாகத்தான் கேட்டார்: "நாட்டு மருந்து, கஷாயம், வேற ஏதாவது குடுக்குறீங்களா?" நீ வெளியே அப்பாவின் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் "இல்லை" என்றேன்.

இரண்டு மாதமாக, இருமலுக்கென்று காலையும் மாலையும் அதிமதுரக் கஷாயம் உள்ளே போவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உன்னைத் திட்டுவார்கள் என்று பயந்தேன். அது பாதி உண்மைதான். படித்த வீட்டில் இப்படியா என்று டாக்டர் நினைப்பாரே என்று வெட்கப்பட்டேன், அது மீதிப் பாதி. பொட்டாசியம் 2.6 என்று வந்தது. 3.5க்குக் கீழே போகக் கூடாது. ஏன் இவ்வளவு இறங்கியது என்று ஒன்றரை நாள் தேடினார்கள். கடைசியில் நீயாகப் போய் நர்ஸிடம் சொன்னாய். ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் கதை வேறாகிவிட்டது. நான் திருத்தவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் அக்கா, வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேனே. "நாக்கில் இனிக்கிற வேர் என்னடா பண்ணும்" என்றாய். அன்றைக்கு என்னைப் பேசவே விடவில்லை, இப்போது கேள். அதிமதுரத்தில் கிளிசிரைசின் இருக்கிறது. சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கிற ஒரு நொதியை அது முடக்கிவிடும். அப்புறம் அந்தக் கார்டிசால் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும். அப்பா நீர் பிரியச் சாப்பிட்ட மாத்திரையும் பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றும். ரத்தத்தில் பொட்டாசியம் குறையக் குறைய, அப்பா இதயத்துக்குச் சாப்பிட்ட டிஜாக்சின் மாத்திரை இதயத் தசையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எப்போதும் போடுகிற அதே 0.125 மில்லிகிராமே அவருக்கு விஷமானது. மூலிகை ஒன்றும் செய்யாது என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒன்றுமே செய்யாது என்றால் பிறகு எதற்குக் கொடுத்தாய்?

இந்த ஒரு வருஷமாக வில்லியம் விதரிங் என்ற இங்கிலாந்து டாக்டரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்க்கு ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த மருந்து 1775இல் அவர் கைக்கு வருகிறது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடிதான் என்று கண்டுபிடித்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் நோயாளி நோயாளியாக அளவைக் குறித்துக்கொண்டே வந்து, பலிக்காத கேஸ்களையும் சேர்த்து 1785இல் நூலாக வெளியிட்டார். அந்தச் செடியின் உறவுச் செடி ஒன்றின் இலையிலிருந்துதான் அப்பாவின் டிஜாக்சின் வருகிறது. உன் கஷாயமும் என் மாத்திரையும் எதிரும் புதிருமாக நிற்கின்றன என்றல்லவா சண்டை போட்டோம்? இலைக்கு இலை வீரியம் மாறும், மாத்திரையில் அளவு நிற்கும். எனக்கு அந்த அளவுதான் முக்கியம், இப்போதும். ஆனால் அந்தக் கிழவியின் பெயரை விதரிங் எழுதிவைக்கவில்லை என்று படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது.

மருந்து மிஞ்சினால் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும் என்று அதே நூலில் இருக்கிறது. அந்த ராத்திரிக்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதிவைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மாதம் கழித்து நடந்ததை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று மட்டும்: பொட்டாசியம் சரியாகி அப்பா தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். கடைசியில் அவர் இதயம் தளர்ந்து போனார். கஷாயத்தால் அல்ல என்று டாக்டரே சொன்னார். இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். ஒரு தாளில் மாத்திரைகளை எழுதிவிட்டேன், கீழ்ப்பாதி காலியாக இருக்கிறது. நீ கொடுக்கிற பொடி, லேகியம் எல்லாவற்றையும் எத்தனை வேளை, எவ்வளவு என்று உன் கையால் எழுது. என் மேல் கோபம் இருந்தாலும் வா. இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார். மொத்தத்தையும் நானே வாசிக்கிறேன்.

தம்பி